காலி செய்யாதவள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அம்பத்தூர் பக்கம் வந்தால் ஷர்மிளாவைக் காட்டுகிறேன், அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஷர்மிளா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவள். கணவன் அஜ்மல் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். வண்டி ஏறினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். ஒரே மகள் சஹர், மூன்றாம் வகுப்பு. செல்வகுமார் என்பவரின் மாடி போர்ஷனில்தான் குடியிருந்தார்கள். கீழே அவரும் அவர் மனைவி விஜியும். வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனாலும் திடீரென்று ஒருநாள் அவர் மாடியேறி வந்தார். இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறேன், உடனே காலி செய்யுங்கள் என்றார். கொஞ்சம் அவகாசம் கேட்டாள். காதில் வாங்காமல் இறங்கிப் போனார். மறுநாளிலிருந்து மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டார்.

கம்பெனியில் நாளெல்லாம் மிஷினை மிதித்துவிட்டு வந்து, தெருக்குழாயிலிருந்து குடம் குடமாக மேலே தூக்கினாள். ஒவ்வொரு படியிலும் அவரைத் திட்டிக்கொண்டே ஏறினாள்.

வீடு தேடினாள். போனில் கேட்டால் எல்லா வீடும் காலியாகத்தான் இருந்தது. பெயரைச் சொன்னதும் பேச்சு மாறும். இப்போதுதான் வேறு ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார் என்பார்கள். ஆவடியில் ஒரு அம்மாள், என்ன சமைப்பீர்கள் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். பருத்திப்பட்டில் ஒருவன், புருஷன் வீட்டில் தங்கமாட்டானா என்று கேட்டு ஒரு பார்வை பார்த்தான். செருப்பைக் கழற்றியிருப்பாள். பக்கத்தில் மகள் நின்றதால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கடைசியில் தேவராஜ் என்ற புரோக்கர் கூப்பிட்டான். பாரிவாக்கத்தில் தனி வீடு. ஓனர் பெயர்கூடக் கேட்கமாட்டார் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். உள்ளே தாழ் போட்டுக்கொள், யார் தட்டினாலும் திறக்காதே என்று சஹரிடம் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனாள்.

தெருக்கோடியில் வீடு. தேவராஜ் இன்னும் வரவில்லை. ஆனால் கேட் திறந்திருந்தது. வாசல் கதவும் திறந்திருந்தது. வாசற்படி சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கழுவி விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஹாலில் வெளிச்சம் போதவில்லை. பின்பக்கமிருந்து சத்தம். சளக்... சளக்... யாரோ துணி பிழிகிறார்கள்.

"ஊடு பாக்க வந்தியா?"

பின்கட்டில் ஒரு பெண். முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். கையில் ஒரு புடவை. முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் கொட்டியது. மறுபடி பிழிந்தாள். மறுபடியும் கொட்டியது. பக்கத்தில் வாளி இல்லை. குழாயும் இல்லை.

எப்போது காலி செய்கிறீர்கள் என்று ஷர்மிளா கேட்டாள்.

பிழிவது நின்றது.

"நான் காலி பண்ணல. என்னத்தான் தொரத்துறானுங்க."

ஷர்மிளாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. குடியிருக்கிறவளை விரட்டிவிட்டு அந்த இடத்தில் என்னைக் கொண்டுவந்து வைப்பானா அந்த தேவராஜ்?

"அப்ப எனக்கு இந்த ஊடு வேணாங்க்கா. என்னையும் இப்டித்தான் தொரத்துறாங்க. அந்த வலி எனக்குத் தெரியும்."

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். மோட்டார், குடம், பெயரைக் கேட்டதும் சாத்திய கதவுகள், எல்லாம்.

அந்தப் பெண் திரும்பவே இல்லை.

"உன்ன தொரத்துறவன் பேரு இன்னா?"

"செல்வகுமார்."

"எங்க கீறான்?"

"அம்பத்தூர்ல... கீழ் ஊட்டுலயே."

"சரி... நான் பாத்துக்கிறேன்."

போன் அடித்தது. ஷர்மிளா குனிந்து பையிலிருந்து எடுத்தாள். தேவராஜ். கேட்டுக்கு வெளியே நிற்கிறானாம், எங்கே இருக்கிறீர்கள் என்றான். உள்ளேதான் என்றாள்.



"உள்ள எப்டிக்கா? பூட்டு தொங்கிகினு கீது... சாவி என் கையில கீது."

நிமிர்ந்தாள்.

பின்கட்டில் யாரும் இல்லை.

தரை... காய்ந்து கிடந்தது. கனமாகப் புழுதி. அதில் ஒரே ஒரு ஜோடிக் கால் தடம். அவளுடையது.

திரும்பி ஓடினாள். வாசல் கதவு மூடியிருந்தது.

இழுத்தாள்.

அசையவில்லை.

வெளியே சங்கிலி... கடகடவென்று... சாவி திரும்பியது.

கதவு திறந்தபோது தூரத்துப் பள்ளிவாசலில் அந்தி நேரத்து மக்ரிப் பாங்கு கேட்டது. தேவராஜின் முகத்தில் ரத்தமே இல்லை. அவளைத் தெருமுனை வரை இழுத்துவந்த பிறகுதான் வாயைத் திறந்தான். அங்கம்மா என்று ஒருத்தி அங்கே குடியிருந்தாளாம். ஒரு பெருமழையில் அவள் சாமான்களையெல்லாம் தெருவில் தூக்கிப் போட்டார்களாம். நனைந்துகொண்டே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டவளை, மறுநாள் கதவை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்களாம்.

தெரிந்துமா எனக்குக் காட்டினாய் என்று ஷர்மிளா கேட்டாள்.

"வேற யாருக்கா உங்களுக்குத் தருவாங்க?"

பயம் போன இடம் தெரியவில்லை. அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி, கருவேலம் புதருக்குள் வீசி எறிந்துவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை மாடிக் குழாயில் தண்ணீர் வந்தது. செல்வகுமார் அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். காலி செய்வதைப் பற்றி அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாரோ நியாயம் கேட்டிருப்பார்கள் என்று ஷர்மிளா நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து விஜிதான் மாடிப்படியில் அவளை நிறுத்தினாள்.

"அக்கா, நீங்க இங்கயே இருங்க. எவ்ளோ நாள் வேணும்னாலும் இருங்க. ஆனா உங்க சொந்தக்காரம்மாவ மட்டும் இனிமே கீழ அனுப்பாதீங்க."

எந்தச் சொந்தக்காரம்மா?

அந்த ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தாளாம். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட அடுப்படியில் வந்து நின்றாளாம். செல்வகுமாரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று அவர் இன்றுவரை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் ஷர்மிளா பாரிவாக்கத்தில் இருந்தாள்.

அவள் எங்கிருந்து வந்தாள் என்று கேட்டாள்.

"உங்க ஊட்லேர்ந்துதாங்க்கா எறங்கி வந்தாங்க."

ஷர்மிளா மேலே ஓடினாள். சஹர் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் வீடு பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை யாருக்காவது கதவைத் திறந்தாயா என்று கேட்டாள்.

"இல்லம்மா. அந்த ஆன்ட்டி உள் ரூம்லேர்ந்துதான் வந்தாங்க."

"அப்புறம்... எப்ப போனாங்க?"

சஹர் தலையைத் தூக்கி, அம்மாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"போவலயேம்மா."

இன்றைக்கும் ஷர்மிளா அதே மாடியில்தான் இருக்கிறாள். இப்போது காலி செய்யத் துடிப்பது அவள்தான். வீடுதான் எவனும் தரமாட்டேன் என்கிறான்.