உப்பில் வைத்த புத்தகங்கள்

போன வாரம் இரண்டு பை நிறைய என் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு, மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நூலகத்துக்குப் போனேன். சும்மா கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான். "இடமில்ல சார். இருக்கறதையே யாரும் எடுக்கறதில்ல" என்றாள் அங்கிருந்த பெண். ஒப்பந்த வேலை, இன்னொரு கிளையையும் அவளே சேர்த்துப் பார்க்கிறாளாம். கூடம் என்னவோ நிறைந்துதான் இருந்தது. எல்லாம் அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், வீட்டிலிருந்து கைடு கொண்டுவந்து மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்கள். அலமாரிப் பக்கம் ஒரு தலை திரும்பவில்லை. நானும் நூலகராக இருந்தவன் என்று சொன்னதும் அவளுக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். பழைய புத்தகங்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் அறைக்குக் கூட்டிப்போனாள். மூலையில் ஒரு இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுமாம். அடியிலிருந்த தொட்டியை இழுத்துக் காட்டினாள், தண்ணீர் தளும்பியது.

அதைப் பார்த்ததும் மரக்காணத்து உப்புத்தான் நினைவுக்கு வந்தது.

எழுபதுகளில் என் முதல் வேலை அங்கே. உப்பளத்தை ஒட்டி ஓட்டுக் கூரை போட்ட கிளை நூலகம். சுவர் அடிக்கடி உப்புப் பூத்து உதிரும். சட்டையில் பட்டால் சுண்ணாம்பு அடிக்கிறவன் மாதிரி வீட்டுக்குப் போவேன். நூலகப் பயிற்சியில் எந்தப் புத்தகத்துக்கு எந்த எண் என்று சொல்லிக்கொடுத்தார்களே தவிர, கடல் பக்கத்தில் இருந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

எனக்கு வாய்த்த வாசகர்களில் முதல் ஆள் லூர்தம்மாள். உப்பளத்தில் கூடை சுமப்பவள், ஐந்தாவது வரை படித்தவள். உச்சி வெயிலில் பெண்கள் கொட்டகைக்குள் ஒதுங்கும்போது அவள்தான் கதை வாசிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தனியாக யாரும் முன்னால் படித்துவிடக் கூடாது, லூர்தம்மாள் உட்பட. "எல்லாரும் ஒண்ணாதான் அழணும் சார். முன்னாடியே தெரிஞ்சிக்கினு மத்தவங்க மூஞ்ச பாத்துனு உக்காந்திருந்தா அது துரோகம்" என்பாள். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாலும் துணியில் சுற்றி மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவாளாம்.

ஒரு ஐப்பசியில் புயல் அடித்தது. ஓடு பறந்து அலமாரிகளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மேலதிகாரியிடம் சொல்லித் தார்ப்பாய் வாங்கிவர நான் திண்டிவனம் போனேன். சாலை உடைந்ததில் உடனே திரும்ப முடியவில்லை. ஒருவழியாக வந்து பார்த்தால் நூலகத்தில் ஒரு புத்தகம்கூட இல்லை. வரிசையாகப் பானைகள்தான் இருந்தன.

"பயப்படாதீங்க சார். ஈரத்த இழுக்கறதுக்கு உப்ப உட்டா வேற என்னா இருக்குது? மீனுக்கு அதத்தான செய்றோம்" என்றாள் லூர்தம்மாள்.

கீற்றுப் போட்டு மூடியிருந்த குவியலிலிருந்து பழைய உப்பாகப் பார்த்து எடுத்து வந்து, தாளுக்குத் தாள் தூவி, பானையில் அடுக்கி, மேலே கல் வைத்திருந்தார்கள். கருவாட்டுக்குச் செய்வதில் ஒன்றும் குறையவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது எனக்கு. ஆனால் உப்பு சொன்னதைச் செய்தது. வெயில் வந்ததும் எடுத்து உதறி, துணியால் துடைத்து அடுக்கினோம். தாள் கொஞ்சம் மொரமொரவென்று இருந்ததே தவிர எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. சித்திரையில் அதிகாரி வந்து பார்த்தார். கிளையை மூடிவிடலாம் என்ற எண்ணத்தோடு வந்தவர். புரட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லயே" என்று போய்விட்டார். அன்று கொட்டகையில் எனக்கும் சேர்த்துச் சோறு போட்டார்கள்.

அப்புறம்தான் அந்தத் தடி நாவலைத் தொடங்கினார்கள். வீட்டைவிட்டுப் போன ஒரு பெண்ணின் கதை. அவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்று அளத்தில் இரண்டு கட்சி. வருவாள் என்ற கட்சிக்கு லூர்தம்மாள்தான் தலைவி. அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. உப்பு வேலை நின்று, பெண்கள் வெளியூர்ப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் பிரிந்து போனார்கள். கடைசிச் சில பக்கங்கள் பாக்கி இருக்கும்போதே லூர்தம்மாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "தையில வந்து எடுத்துக்கறேன் சார். யாருக்கும் குடுத்துடாதீங்க." நானும் அதைத் தனியாக எடுத்து என் மேசைக்குள் பூட்டி வைத்தேன்.

உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். தாளுக்குள் ஊறிவிட்ட உப்பு மழைக்காலம் வரும்போதெல்லாம் இழுக்கும் என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. கருவாட்டை அடுத்த மழைக்குள் தின்று தீர்த்துவிடுகிறோம், அவ்வளவுதான். ஊரில் மழை பிடித்த நாளிலிருந்து அலமாரிகளில் புத்தகங்கள் கசியத் தொடங்கின. தையல் கம்பி துருப்பிடித்து அட்டை கழன்றது. தாளோடு தாள் ஒட்டிக்கொண்டது. மேசையைத் திறந்தேன். நாவல் ஈரச் செங்கல் மாதிரி கிடந்தது.

தை பிறந்ததும் லூர்தம்மாள் வந்தாள். அந்தக் கட்டியைக் கையில் வாங்கி நகத்தால் ஒரு தாளைப் பிரிக்கப் பார்த்தாள். அது பிய்ந்து வந்தது.

"நாங்கதான் கெடுத்துட்டோமா சார்?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்க படிச்சிருப்பீங்களே. அவ வந்தாளா?" என்று கேட்டாள்.

நான் படித்திருக்கவில்லை. மிட்டாய்க் கடையில் வேலை செய்கிறவனுக்கு இனிப்பில் ஆசை போய்விடும் என்பார்கள். என் கதையும் அதுதான். வேறு பிரதி வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். கேட்டு எழுதிப் போட்டேன், பதில் இல்லை. வந்தது வேறு உத்தரவு: இந்த இடம் புத்தகத்துக்கு லாயக்கில்லை, கிளையை உள்பக்கம் மாற்றுகிறோம். என்னையும் மாற்றினார்கள். வண்டி ஏறும்போது கொட்டகையிலிருந்து ஒருத்தி, "கதைய பாதியில உட்டுட்டு போறாரு பாரு" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். இன்றும் அது என்னைச் சுடுகிறது.

பல வருஷம் கழித்து ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். நூலகம் இருந்த இடத்தில் இறால் தீவனக் கிடங்கு. லூர்தம்மாள் இறந்துபோயிருந்தாள். உச்சி வேளையில் எட்டிப் பார்த்தேன். கொட்டகையில் ஆட்கள் இருந்தார்கள், வாசிப்புச் சத்தம் இல்லை. அங்கே அப்படி ஒன்று நடந்தது என்பதே யாருக்கும் தெரியவில்லை.

போன வாரம் அந்தக் கணினி அறையில், நூலகப் பெண்ணிடம் நாவலின் பெயரைச் சொன்னேன். தட்டிப் பார்த்தாள். "இருக்குது சார். ஏத்தி நாலு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் யாரும் தொறக்கல" என்றாள். நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன்.

வந்துவிட்டாள், லூர்தம்மா. விடியற்காலையில் வந்து கதவைத் தட்டுகிறாள்.

உங்கள் கட்சிதான் ஜெயித்தது. கட்டுப்பாட்டை மீறித் தனியாகப் படித்துவிட்டேன். சேர்ந்து அழ யாரும் மிச்சமில்லை.