மண் தின்ற ஜட்டிகள்

மறுபடியும் தோண்டுகிறாள் ஒப்துலியா அக்கா. நேற்று மூடிய அதே குழி. மண்ணை விரலால் விலக்கி, துணியின் ஓரத்தைப் பார்த்து, முகர்ந்து, "சே, இன்னும் தின்னல" என்று மூடுகிறாள். நாலடி போவதற்குள் திரும்பிப் பார்க்கிறாள். "பீன்ஸ் பானையைத் தொறந்து தொறந்து பாத்தா வேகுமாக்கா?" என்றேன். மண்ணாங்கட்டி பறந்து வந்தது. குறி தப்பவில்லை.

மெக்சிகோவின் ஓஹாகா மலையில் எங்கள் ஊர்ச்சபை யாரைக் கைகாட்டுகிறதோ, அவருக்கு ஒரு வருடம் சம்பளமில்லாத பொறுப்பு. அக்காவுக்கு விழுந்தது நெருப்பு. கோடையில் காடே பற்றிக்கொள்ளாதிருக்க, முன்னதாகவே பைன் சருகைச் சிறுதீயில் எரித்துவிட வேண்டும். எரித்தாள். ஓரிடத்தில் நிற்காத ஆள், தீயையும் நிற்கவிடாமல் விரட்டினாள். விழுந்து கிடந்த கட்டைகளுக்கடியில் மட்டும் அது உட்கார்ந்துகொண்டு புகைந்தது.

காளான் பறித்து விற்கும் நின்ஃபா பிடித்துக்கொண்டாள். "சருகு போனாப் போகுது. மண்ணுக்குள்ள இருக்கற உசுரையும் வேக வெச்சிட்டியேடி! இனி காளான் எங்க மொளைக்கும், உன் தலையிலயா?"

ஞாயிற்றுக்கிழமை சபை கூடும். மண் சாகவில்லை என்று அக்கா காட்டாவிட்டால், இனி மலையில் யாரும் தீ வைக்கக் கூடாது. அப்புறம் ஒரு கோடை போதும், காடும் போகும், காளானும் போகும்.

அதற்குத்தான் துணி. உயிருள்ள மண்ணில் பருத்தியைப் புதைத்தால் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். செத்த மண் தொடாது. இரண்டு மாதத்துக்கு முன் அக்கா புதைத்தது புருஷனின் ஜட்டிகளை.

"நான் என்னத்தடி போடறது?" ஃபிதென்சியோ மாமாவின் தினசரிப் புலம்பல்.

"மேல பேன்ட்டு இருக்குல்ல? யாரு வந்து பாக்கப் போறா?"

ஞாயிறு காலை எல்லாக் குழிகளையும் தோண்டினாள். எரிந்த சரிவில் வந்ததெல்லாம் சல்லடை. சிலவற்றில் இடுப்பு எலாஸ்டிக் மட்டும் மிச்சம். அக்கா குதித்தாள். கடைசியாக, கட்டைகள் புகைந்த இடம். ஜட்டி முழுசாக வந்தது. அலசினால் மாமா போட்டுக்கொள்ளலாம்.

அக்கா அசையாமல் நின்றாள். நான் அவளை அப்படிப் பார்த்ததேயில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

"குடுக்கா, நாலு கிழி கிழிச்சுத் தரேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எந்த எடம் வெந்துச்சுன்னு நின்ஃபாவுக்குத் தெரிய வேணாமாடா?"

நீட்டிய என் கையைத் தட்டிவிட்டாள். கிழியாத அந்த ஜட்டியை மண்வெட்டிக் காம்பின் நுனியில் கொடிபோலக் கட்டி, ஊரே பார்க்க உயர்த்திப் பிடித்தபடி, சபைக் கூடத்தை நோக்கி இறங்கினாள்.