பரீட்சையில் எழுந்து ஓடியதற்காக

காலை ஷிஃப்டுக்கு வார்டை ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது தகவல் வந்தது. பூங்கொடி சிஸ்டர் போய்விட்டார், மாரடைப்பு. மறுநாள் ராசிபுரத்தில் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வைத்த அஞ்சலி பேனரில் ‘சாந்த சொரூபி’ என்று போட்டிருந்தார்கள். அவருடன் வேலை பார்த்த எங்களுக்குத் தெரியும், அது பச்சைப் பொய்.

டிப்ளமோ படித்த நர்ஸ்கள் நாங்கள் நான்கு பேர் ஆன்லைன் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, வேலை கெடும் என்றது நிர்வாகம். மறுவாரமே ஐம்பத்திரண்டு வயதில் அவரும் எங்களோடு சேர்ந்தார். ஷிஃப்ட் மாறும்போது நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைப்போமே, அதுபோல வகுப்பையும் ஒப்படைக்க வைத்தார். ஓய்வில் இருப்பவர் பாடத்தைக் கேட்டு, டியூட்டியில் இருந்தவருக்குச் சொல்ல வேண்டும். நான் ஒருமுறை அரைகுறையாகச் சொன்னேன். “பேஷண்டையும் இப்படித்தான் ஒப்படைப்பியா சாமி? மறுக்காச் சொல்லு” என்றார். எரிச்சலாக வந்தது. ஆனால் ஐந்து பேரில் ஒருவர்கூடப் பாதியில் நிற்கவில்லை.

கடைசிப் பரீட்சைக்கு எனக்கு விடுப்பு தரவில்லை. இரண்டு மணி நேர அனுமதி வாங்கி, டியூட்டி அறையிலேயே கேமரா முன் உட்கார்ந்து எழுதினேன். நடுவில் வார்டில் அழைப்பு மணி அடித்தது. கால் தானாக ஓடிவிட்டது. மூச்சுத் திணறிய ஒரு பெரியவருக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டுத் திரும்பினால், திரை பூட்டிக்கிடந்தது. கேமரா முன்னிருந்து எழுந்தது முறைகேடு என்று பல்கலைக்கழகத்தில் என் தேர்வு முடிவை நிறுத்திவைத்தார்கள். மூன்று வருட உழைப்பு போயிற்றே என்று அழுதுகொண்டே மன்னிப்புக் கடிதம் எழுதினேன். சிஸ்டர் அதைப் பிடுங்கிக் கிழித்தார்.

“எதுக்கு மன்னிப்பு? மணி அடிச்சா எந்திரிக்காத நர்ஸுக்குப் பட்டம் எதுக்குங்கன்னு கேட்டு எழுது. நானும் கையெழுத்துப் போடறேன்.”

அப்படியே எழுதினோம். இரண்டு முறை மறுத்தார்கள். அவர் விடவில்லை, மூன்றாவது கடிதத்தில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். மறுதேர்வு கொடுத்தார்கள். தேறினேன்.

நேற்று, இப்போது படிக்கும் இரண்டு நர்ஸ்களுக்குப் பரீட்சை நாளில் டியூட்டி போட்டு அட்டவணை வந்தது. மேலாளரிடம் போய், அன்று அவர்கள் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், விடுப்பு கொடுங்கள் என்றேன்.

“பூங்கொடி சிஸ்டரோட இதெல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சனுங்க” என்றார்.

“முடியலீங்க” என்றேன்.

சிஸ்டரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தேன். அட்டவணை மாறும்வரை எழுந்திருக்கவில்லை.