ஒரே ரோலில் தாலியும் அடியும்

சினிமா நட்சத்திரங்களைப் பக்கத்தில் பார்த்தது எப்படி இருந்தது என்று இப்போதும் யாராவது கேட்டால், இடது விலாவைத் தடவிக்கொண்டு, நன்றாக இருந்தது என்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து. எனக்கு ஒரு வியாதி உண்டு. ஃபிலிம் ரோலில் நாலு படம் மிச்சமிருந்தாலும் கழுவக் கொடுக்க மனசு வராது. தெருநாயையாவது எடுத்து முடித்துவிட்டுத்தான் கொடுப்பேன். பல மணமக்களின் நெகட்டிவ்களில் எங்கள் தெரு நாய்கள் இன்றும் இருக்கும்.

அன்று காலை அணுபுரத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா தென்காசிப் பக்கத்துக்காரர், அணுமின் நிலையத்தில் வேலை. டிபன் பந்தியில் வடை வரத் தாமதமானது என்று மாப்பிள்ளையின் பெரியப்பா சாம்பார் வாளியை எட்டி உதைத்தார். பரிமாறியவரின் முழங்கால் வெந்தது. பெண்ணின் மாமா பெரியப்பாவின் சட்டையைப் பிடிக்க, பட்டன்கள் தெறித்தன. இரண்டு பக்கமும் நாற்காலியைத் தூக்கிய பிறகுதான் மேளக்காரர்கள் சமயோசிதமாகக் கெட்டிமேளம் வாசித்தார்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

தாலி கட்டும் நேரத்துக்குப் புது ரோல் மாட்டினேன். முதல் படமே தாலி. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தேன். பட்டன் இல்லாத சட்டையோடு பெரியப்பா ஓரத்தில் நுழைந்து நின்றார். நகரச் சொன்னதற்கு முழங்கையால் என் தோளில் ஒன்று வைத்தார். அன்றைய கணக்கில் அது முதல் அடி.

சாப்பாடு முடியும்போது மண்டப வாசலில் என் சிநேகிதன் மொபெட்டோடு நின்றான். மாலைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி தருபவன்.

"மச்சான், மகாபலிபுரம் ரிசார்ட்ல சினிமா விழா. எங்க போட்டோகிராபருக்கு வயித்தால போவுது. நீ வா."

"கேமராவுல கல்யாண ரோல் கீதுடா. தாலி கீது அதுல."

"எத்தினி மிச்சம்?"

"பத்து."

"பத்து போதும்டா. ஒரு ஹீரோவுக்கு ஒண்ணு."

பையில் புது ரோல் இருந்தது. அதை மாட்டியிருந்தால் நான் சொல்ல இந்தக் கதையே இல்லை. ஆனால் அந்தப் பத்து படம் வீணாகுமே!

ரிசார்ட்டின் புல்வெளியில் சிவப்புக் கம்பளம் கடலைப் பார்த்து ஓடியது. இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டைகளில் கயிறு. கயிற்றுக்குப் பின்னால் மீனவக் குப்பத்து ஜனங்கள், பொத்தேரியிலிருந்து பஸ் பிடித்து வந்த காலேஜ் மாணவர்கள், எதற்கு வந்தோம் என்று தெரியாத வெள்ளைக்காரர்கள். முதல் கார் வந்ததுமே கட்டை முறிந்தது. ஜனம் கரையேறிய அலை மாதிரி உள்ளே வந்தது. போலீஸ் லத்தியைச் சுழற்றியது. பக்கத்தில் ஒருவருக்கு நெற்றி பிளந்து ரத்தம் வழிந்தது. அதைத் துடைக்காமலே தலைவா என்று கத்தினார்.

நாங்கள் புகைப்படக்காரர்கள் அந்த ஜனத்தைவிட மோசம். அலுமினிய ஏணி கொண்டுவந்த ஒருவர் ஏணியாலேயே என் மண்டையில் இடித்தார்.

"முன்னாடி நிக்கிறவன் தலைய எட்றா! இல்லாட்டி நான் எடுத்துருவேன்!"

குனிந்தேன். என் கேமராவே என் மூக்கைக் குத்தியது. அதுவரை எடுத்த ஒன்பது படத்தில் ஏழு, யாரோ ஒருவருடைய பிடரி.

அப்போது நடிகை வந்தார். கூடவே விழாக் கமிட்டித் தலைவர், வெள்ளைச் சட்டை, சால்வை. கூட்டத்திலிருந்து காப்பாற்றுகிற சாக்கில் அவர் கை நடிகையின் இடுப்புக்குப் போயிற்று. நடிகை சிரித்தபடியே கையை எடுத்துவிட்டார். கை திரும்பப் போயிற்று. மறுபடி எடுத்துவிட்டார். மறுபடியும் போனபோது, சிரிப்பு மாறாமல் திரும்பி, விட்டார் ஒரு அறை. கடல் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அதே நொடியில் என் ஃபிளாஷ் அடித்தது.

எல்லோரும் சிலையானார்கள். என் ஃபிளாஷ் மட்டும், ரோல் முடிந்தது தெரியாமல், அடுத்த படத்துக்கு ஆசைப்பட்டு ங்ஙீ என்று சார்ஜ் ஏறியது. தலைவர் கன்னத்தைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"எடுத்துட்டியா?" என்றான் சிநேகிதன்.

"தெரிலடா, பயத்துல கண்ண மூடிட்டேன்."

"நீ மூடுனா இன்னா, கேமரா தெறந்துதா?"

சொல்லிவிட்டு அவன் காணாமல் போனான். தலைவரின் ஆட்கள் இரண்டு பேர் என்னைக் காலரோடு சவுக்குத் தோப்புக்கு இழுத்துப் போனார்கள்.

"அண்ணாத்த, ரோலக் கழட்டு."

"சார், இதுல ஒரு கல்யாணம் கீது சார். தாலி கீது."

பதிலாகக் காதோடு சேர்த்து ஒரு அறை. "எங்க தலைவர் மானமே போவுது, இவுரு தாலின்றாரு!"

ஒருவன் என்னைக் கீழே தள்ளி முழங்காலைத் தொண்டையில் வைத்தான். இன்னொருவன் என் தலைமாட்டில் குந்தி கேமராவின் பின்கதவைத் திறந்தான். சாயங்கால வெயில் ஃபிலிமில் விழுந்ததைப் பார்த்தேன். உருவுவதற்கு அவன் விரலை விட்டான். எனக்கு நினைவுக்கு வந்தது காலையில் வெட்கத்தோடு குனிந்த அந்தப் பெண்ணின் கழுத்து. அதை மறுபடி கட்டி எடுக்க முடியாது.

வீரம் என்று நினைக்க வேண்டாம். எட்டியது அவன் மணிக்கட்டு, கடித்தேன். பல்லில் ரத்தம் உப்பாக இருந்தது. அலறிக்கொண்டு கேமராவைப் போட்டான். மேலே இருந்தவன் அதிர்ந்த நேரத்தில் உருண்டுபோய், கதவை அடைத்து, தொப்பையை மேலே போட்டுச் சுருண்டேன். என் தொப்பை உருப்படியாகப் பயன்பட்டது அந்த ஒரு தரம்தான்.

பிறகு உதைத்தார்கள். முதுகில், தொடையில், விலாவில். அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம் கேட்டது, அது நான். வாயில் மணலும் சவுக்கு ஊசியும். ஒருவனுக்கு மூச்சு வாங்கியது.

"தெறந்தாச்சில்ல, வெளிச்சம் பட்டுச்சி, படம் பூடுச்சி. வுடு, செத்துகித்துத் தொலைக்கப் போறான்."

பாதி சரி. எடுக்க எடுக்க ஃபிலிம் உள்ளே உருளையில் சுற்றிக்கொள்ளும். முதல் படம் உள்ளே, கடைசிப் படம் மேலே. நடிகையின் அறை மேலேயிருந்து மொத்தமாகக் கருகிவிட்டது. மறுநாள் பத்திரிகைகளில், ரசிகர்களைப் பார்த்து நடிகை கையசைத்ததாகச் செய்தி. கை அசைந்தது உண்மைதான்.

தாலி பிழைத்திருந்தது. ஆனால் ஃபிலிமின் ஓரமாக நுழைந்த வெளிச்சம் படத்தின் ஒரு பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் தீ மாதிரி எரிந்தது. அந்தப் பிரிண்டைக் கழற்றிவிடலாமா என்று கடைசிவரை யோசித்து, ஆல்பத்தோடு அணுபுரம் போனேன். மறுவீட்டுக்குப் பெண் வந்திருந்தாள்.

"என்ன தம்பி, மூஞ்சி இப்படி வீங்கிக் கெடக்கு?" என்றார் அப்பா.

"வண்டில இருந்து வுழுந்துட்டேன் சார். இந்தப் படம் லேப்ல கொஞ்சம்..."

அவர் தாலிப் படத்தை ஜன்னலுக்குப் பிடித்துப் பார்த்தார். சட்டையில் குத்திக்கொண்டு வேலைக்குப் போகிற, கதிர்வீச்சை அளக்கும் ஃபிலிம் பேட்ஜ் மாதா மாதம் என்ன சொல்கிறது என்று வருஷக்கணக்காகப் பார்க்கிறவர்.

"லேப் இல்ல. உள்ள வெளிச்சம் போயிருக்கு. கேமராவத் தெறந்தது யாரு?"

பொய்யை அங்கேயே விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

"எங்க வீட்டு தாலியத் தூக்கிட்டு சினிமாக்காரி பொறத்தால போனியாக்கும்? அவனுவ ஒதச்சது பத்தாதுடே."

கை ஓங்கிவிட்டார். நான் பழக்கதோஷத்தில் ஆல்பத்தை வயிற்றில் அணைத்துக் குனிந்தேன்.

"அப்பா, குடுங்க," என்று பெண் ஆல்பத்தை வாங்கினாள். அவள் கழுத்து, மாப்பிள்ளையின் விரல்கள், மஞ்சள் கயிறு எல்லாம் அப்படியே இருந்தன. ஆளே தெரியாமல் தீ எரிந்த ஓரத்தில் விரலை வைத்தாள்.

"அண்ணே, இங்க பெரியப்பால்லா நின்னாவ?"

"ஆமாம்மா. மன்னிச்சிருமா."

அவள் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். மாப்பிள்ளை வெளியே பேசிக்கொண்டிருந்தார்.

"இதையே பெருசாப் போட்டுத் தாங்க. ஹால்ல மாட்டணும்."

அப்பா ஓங்கிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். நானும் சிரிக்கப் பார்த்தேன். விலா விடவில்லை.