புதுச்சேரிப் பதிப்பு

வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்கு அந்த நாட்களில் சலிப்பு வரும். சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதற்குள் தொண்டை வறண்டு போயிருக்கும். நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்து, செருப்பைக் கழற்றி, ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் கிணற்றடியிலிருந்து குரல் வந்துவிடும். "டீச்சர் வந்துட்டாங்க, டீச்சர் வந்துட்டாங்க!" வரவேற்பு எனக்கில்லை, என் பையில் இருந்த வாரப் பத்திரிகைக்கு. அதில் ஒரு துப்பறியும் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. நான் அதை உரக்கப் படிக்க வேண்டும், அவர்கள் கேட்க வேண்டும், அப்புறம் விளக்கு வைக்கும் வரைக்கும் யார் கொலைகாரன் என்று சண்டை போட வேண்டும். அந்தச் சண்டைக்கு நடுவரும் நான்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள், திண்டிவனத்திலிருந்து நான் வந்தேன். கணவருக்குக் காரைக்காலில் உத்தியோகம், மாதத்துக்கு ஒரு முறை வந்து எட்டிப் பார்ப்பார். ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையும் என் குடித்தனம்.

வீட்டுக்காரரைத் தெருவே 'சொல்தா', அதாவது சிப்பாய், என்றுதான் கூப்பிடும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்விட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். பிரெஞ்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் பேச வரும், எழுத்து வராது. கடைப் பலகையைக்கூட எழுத்துக் கூட்ட ஆரம்பித்து, பாதியில் கோபம் வந்து விட்டுவிடுவார். பக்கத்து அறையில் ஒரு மில் தொழிலாளியின் குடும்பம். அவர் மனைவி சேதராப்பட்டில் கழனி வேலை பார்த்து வளர்ந்த பெண், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மூன்றாவது ஆள், பின் சந்து ஜவுளிக்கடைக்காரரின் மனைவி. சாயங்கால அஸர் தொழுகை முடித்துக் கொல்லைக் கதவு வழியாக வருவார். அரபு எழுத்தில் எழுதிய தமிழை மடமடவென்று வாசிப்பார், நம் எழுத்து மட்டும் அவருக்குப் பிடிபடாது. ஆக மொத்தம் மூன்று பேருக்கும் கண் நான்தான்.

கதை எங்கேயோ மதராஸில் நடந்துகொண்டிருந்த வரைக்கும் தொல்லை இல்லை. ஒரு வாரம் துப்பறிபவர் காரில் ஏறிப் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். இங்கே ஒரு சாராயக் குத்தகைக்காரர் செத்துக் கிடக்கிறார் என்று நான் படித்ததும் சொல்தா எழுந்து நின்றுவிட்டார்.

"மதாம், எந்த ஊருன்னு போட்டிருக்கான்? இன்னொரு வாட்டி படிங்க."

படித்தேன். கடற்கரைச் சாலை வந்தது, வாய்க்கால் வந்தது, பெரிய மார்க்கெட் வந்தது. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தச் சொன்னார்கள். "அது நம்ம வாய்க்காலு!" என்று மில்காரர் மனைவி தொடையில் தட்டிக்கொண்டாள். அதுவரை இந்த ஊர்ப் பெயர் அச்சில் வந்தால் அது சர்க்கார் உத்தரவாக இருக்கும், இல்லையென்றால் கோயில் அறிவிப்பாக இருக்கும். அச்சடித்த தாளில் பொய்யும் வரும் என்பது அவர்களுக்குப் பழக்கமே இல்லை. எழுதினவர் இந்த ஊர்ப் பக்கம் வந்தே இருக்க மாட்டார், யாரிடமோ கேட்டு எழுதியிருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். "வராமயா வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுதுன்னு எழுதுவான்?" என்று கேட்டார்கள். எனக்குப் பசித்தது. விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம்தான் சனியன் பிடித்தது. குத்தகைக்காரர் சாகுமுன் குடித்தது ஒரு டம்ளர் பால் என்று கதையில் வந்தது. பால் கொண்டுவருகிற பெண்ணை இரண்டு வரியில் காட்டியிருந்தார்கள்: கறுத்த, மெலிந்த பெண், முழங்கையில் தேள் பச்சை குத்தியிருக்கிறாள். நான் படித்துவிட்டு நிமிர்ந்தேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றியவள் கையிலும் தேள் பச்சை இருந்தது. அந்தக் காலத்தில் எந்தக் கையில்தான் தேள் இல்லை? புருஷன் இல்லாதவள், வயதுக்கு வந்த ஒரு பெண்ணும் ஒரு மாடும்தான் அவளுக்கு. எங்கள் தெரு வீடுகள் பால் வாங்கினால்தான் அங்கே அடுப்பு எரியும்.

"போன மாசம் பக்கத்துத் தெருவுல அந்தக் கெழவரு தூக்கத்துலயே போனாரே, அவரு வூட்டுக்கும் இவதான பாலு?" என்றாள் மில்காரர் மனைவி.

"அந்தாளுக்குத் தொண்ணூறு வயசும்மா!" என்றேன்.

"வயசானவங்கன்னா வெஷம் வேல செய்யாதா டீச்சர்?"

ஜவுளிக்கடைக்காரர் மனைவி மட்டும், "அல்லா, பாவம், கதையிலதான எழுதியிருக்கு," என்றார். ஆனால் மறுநாள் காலை அவர் வீட்டிலும் பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைக்கு வயிறு சரியில்லையாம். சொல்தா வீட்டில் பால் ஜீரணமாகவில்லையாம். தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வியாதி. கிணற்றடிப் பேச்சுக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பால்காரி என் வாசலில் வந்து பாத்திரத்தை இறக்கிவைத்தாள். விலை போகாத பால் அப்படியே இருந்தது. "இன்னா டீச்சர் ஆச்சு இவங்களுக்கெல்லாம்? நான் தண்ணி கலக்கலியே? இப்படியே போனா மாட்ட வித்துட்டு நான் எங்க போவேன்?" என்று கேட்டாள். காரணத்தைச் சொல்லாமல் பாத்திரத்தை நீட்டிப் பால் வாங்கிக்கொண்டேன். எவனோ மேஜைமுன் உட்கார்ந்து கற்பனை செய்ததற்கு இவள் மாட்டை விற்பதா?

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்துக் கடையில் பத்திரிகையை வாங்கி நின்ற இடத்திலேயே புரட்டினேன். பால்காரிக்கு விலங்கு மாட்டுவதோடு 'தொடரும்' போட்டிருந்தார்கள். நாசமாய்ப் போக. வீடு வந்து சேரும் வரை யோசித்தேன். கிணற்றடியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்து, அதில் இல்லாததைப் படித்தேன்.

என் கதையில் பால்காரி ஒரு பாவமும் அறியாதவள். அவள் பாலை வைத்துவிட்டுப் போன பிறகு வேறொரு கை அதில் எதையோ கலந்தது. அந்தக் கையை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். சாட்சி சொல்லப் பயந்து அழுகிறாள். மில்காரர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் அப்பவே நெனச்சேன்," என்றார் சொல்தா. அவர் என்ன நினைத்தார் என்பது எனக்கல்லவா தெரியும்.

மறுநாள் காலை தெருவில் எல்லாருடைய வயிறும் சரியாகிவிட்டது.

சரி, பிழைத்தோம் என்று நான் மூச்சு விட்டிருக்கலாம். ஆனால் அந்த வேறொரு கை யாருடையது? வாரா வாரம் கேட்பார்களே. பள்ளிக்கூடத்துத் தாள்களைத் திருத்தி முடித்து, நானே ஒரு தொடர்கதையையும் இட்டுக்கட்ட வேண்டியதாயிற்று. முதலில் ஒரு கம்பவுண்டரைக் கொலைகாரனாக வைத்தேன். கம்பவுண்டரிடம் விஷம் இருக்கும், நியாயம்தானே? அடுத்த நாளே மில்காரர் மனைவி காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு எங்கள் தெருமுனைக் கம்பவுண்டரிடம் மருந்து வாங்கப் போகவில்லை. "அந்தாளு மூஞ்சே சரியில்ல டீச்சர்," என்கிறாள். பிள்ளையின் நெற்றி அடுப்பாய்ச் சுட்டது. நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மருந்து வாங்கிக் கொடுத்தேன். அந்த வாரமே கம்பவுண்டரை விடுதலை செய்தேன்.

பிறகு காலை விந்தி நடக்கிற ஒருவனைக் கொண்டுவந்தேன். எங்கள் தபால்காரரும் விந்தி நடப்பவர் என்பது படித்து முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. தங்கப்பல் வைத்தேன், ஜவுளிக்கடைக்காரரின் தம்பிக்குத் தங்கப்பல் இருந்ததாம். அந்த அம்மாள் முகம் செத்துப்போயிற்று. இடது கைக்காரன் என்றேன். சொல்தா கையிலிருந்த சுருட்டை மெல்ல வலது கைக்கு மாற்றிக்கொண்டார். கொலைகாரனுக்கு நான் எந்த உடம்பைக் கொடுத்தாலும் அது இந்த ஊரில் யாருக்காவது சொந்தமாக இருந்தது. ஒவ்வொரு வாரமும் ஒருவனைப் பிடித்து, மறு வாரம் விட்டுவிடுவதே என் பிழைப்பாகிவிட்டது. உடம்பு ஓய்ந்துபோயிற்று. கணவர் வந்தபோது சொன்னேன். "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

இதற்கு நடுவில் ஒரு நாள் மாட்டிக்கொள்ள இருந்தேன். மில்காரர் மனைவி வேகமாக வந்தாள். "டீச்சர், இவுரு கூட வேல செய்யறவன் விழுப்புரத்துலேர்ந்து வர்றவன். அவன் படிச்சானாம். பால்காரிய எப்பவோ புடிச்சி உள்ள வச்சிட்டாங்கன்றான். நீங்க வேற மாதிரி படிச்சீங்களே?"

என்னைக் காப்பாற்றியவர் சொல்தா.

"எங்க வாங்கினான் அவன்? விழுப்புரத்துலதான? அது இண்டியாவுக்கு அச்சடிக்கிறது. நமக்குச் சட்டம் வேற, கோர்ட்டு வேற. இன்னிக்கும் இங்க பிரெஞ்சுச் சட்டம்தான ஓடுது? இண்டியாவுல பால்காரியப் புடிச்சா இங்கயும் புடிச்சிடணுமா? புதுச்சேரிக்குன்னு தனியாத்தான் போடுவான்."

மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கொலைகாரி, இந்தப் பக்கம் ஒரு சாட்சி. நல்ல கூத்து! சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஒரு வழியாகக் கடைசி வாரம் வந்தது. அச்சில் பால்காரிக்குத் தூக்குத் தண்டனை. துப்பறிபவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு மதராஸ் திரும்புகிறார். கிணற்றடியில் என்றைக்கும் இல்லாத கூட்டம். தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். நான் படித்துக்கொண்டே போனேன், வாய் தன்பாட்டுக்கு ஓடியது, உள்ளே ஒரே யோசனை. யாரைச் சொல்வது? யாரைச் சொன்னாலும் நாளைக் காலை ஒரு வீட்டில் அடுப்பு அணையும். அத்தனை முகங்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அலோர், அப்போ சொல்லுங்க மதாம்! யாருதான் அது?" என்றார் சொல்தா.

சலித்துப்போய்ச் சொன்னேன்: "ஒரு வாத்தியாரம்மா. கண்ணாடி போட்டவள். வெளியூர்க்காரி. பின்கட்டில் தனியாகக் குடியிருந்தாள்."

இதைக் கேட்டாவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். 'அட, இவ்வளவு நாளும் எங்களை ஏமாத்தினீங்களா டீச்சர்' என்று யாராவது முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மில்காரர் மனைவி என் மடியில் சாய்ந்திருந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதே பிள்ளைதான், நான் மருந்து வாங்கிக் கொடுத்த பிள்ளை.

ஜவுளிக்கடைக்காரர் மனைவி மட்டும் கொல்லைக் கதவருகே நின்று, "டீச்சர், சும்மாதான சொன்னீங்க? அதுல அப்படி இல்லல்ல?" என்று மெதுவாகக் கேட்டார். பாவம், இல்லை என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று அவர் முகம் கெஞ்சியது.

இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அப்புறம் உண்மையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்பார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்வார்கள். தூக்குக் கயிறு வெளியே வரும். பால்காரி மறுபடி அகப்பட்டுக்கொள்வாள்.

"அப்படித்தான் போட்டிருக்கு," என்றேன்.

மறுநாள் கிணற்றடியில் நான் போனதும் பேச்சு நின்றது. அதற்கடுத்த நாள் வாடகைக்கு வேறு ஆள் கேட்கிறார்கள் என்று சொல்தா சுற்றி வளைத்துச் சொன்னார். சாயங்காலம் என்னிடம் பாடம் படிக்க வந்துகொண்டிருந்த தெருப் பிள்ளைகள் வரவில்லை. ஒருவருக்கும் என்மேல் விரோதம் இல்லை, கொஞ்சம் பயம், அவ்வளவுதான். எனக்கு அழுகையும் வந்தது, இவர்களை நிற்கவைத்துத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் உடம்பில் வலு இல்லை. இரண்டு நாளாகப் பால்காரியும் என் வாசலுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வந்தாள். உள்ளே வரவில்லை, கொல்லைக் கதவுக்கு வெளியே சந்திலேயே நின்றாள். பாத்திரம் நிறையப் பால் இருந்தது, தெருவில் எல்லா வீட்டுக்கும் மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க," என்றாள். "நீங்க நல்லவங்கதான், எனக்குத் தெரியும். ஆனா வயசுப் பொண்ண வச்சிருக்கேன். உங்க வூட்டுக்கு ஊத்துனா என் பால வாங்க மாட்டோம்னு சொல்றாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

யாருக்காக நான் இவ்வளவும் செய்தேன் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கி எழுந்த முகம்.

"சரி, நீ போ," என்றேன். "மத்த வூட்டுக்கெல்லாம் நேரமாவுது."