வேலியோரக் கழுத்தறுப்பு

அவளுக்கு அந்த ஊரைக் கண்டால் ஆகாது. ஊருக்கும் அவளைக் கண்டால் ஆகாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரு தரப்புக்கும் ஆறு வருடங்களாகக் கருத்து வேறுபாடே கிடையாது.

கணவனுக்குப் பால் பதப்படுத்தும் ஆலையில் குளிர்சாதன மெக்கானிக் வேலை. ஆலை இருந்த இடத்தில் ஊர் இருந்தது, ஊர் இருந்த இடத்தில் அவளும் இருந்து தொலைக்க வேண்டியதாயிற்று. கடல் கடந்து வருவதற்கு முன் அவள் ஒரு நாளிதழில் பிழைதிருத்துபவள். ஒற்றுப்பிழை பத்தடி தள்ளி நின்றாலும் மோப்பம் பிடித்துவிடுவாள். ஆடும் சேறும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் அந்த மூக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? துணி துவைக்கும் இயந்திரங்களின் கையேடுகளைத் தமிழாக்கினாள். ஒரு தொழிலதிபரின் தன்வரலாற்றை அவர் பெயரிலேயே எழுதிக் கொடுத்தாள். ஒரு வார இதழில் பத்தி எழுதினாள். கேட்டவர்களிடம் 'சுதந்திர எழுத்தாளர்' என்று சொல்லிக்கொண்டாள். யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை என்பதைக் கௌரவமாகச் சொல்லும் முறை அது.

பத்தியின் பெயர் 'பச்சை வெளியிலிருந்து ஒரு மடல்'. பொறுப்பாசிரியர் வைத்த பெயர்.

"மேடம், நம்ம வாசகர்கள் எல்லாம் டிராஃபிக்ல செத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க கொஞ்சம் காத்து, கொஞ்சம் பறவை, கொஞ்சம் புல்லுன்னு அள்ளி விடுங்க."

அவளும் அள்ளி விட்டாள். விடிகாலையிலேயே உறுமத் தொடங்கும் டிராக்டரைப் பற்றி எழுதவில்லை. துவைத்துக் காயப்போட்ட அன்று பார்த்துப் பக்கத்து வயலில் எருவடிப்பார்கள், அதை எழுதவில்லை. ஊரின் ஒரே கடைக்காரி மற்றவர்களிடம் வாயெல்லாம் பல்லாக இருந்துவிட்டு, இவள் முறை வந்ததும் பொட்டலத்தை மேசையில் தள்ளி முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் எழுதவில்லை. புல்லின் மேல் பனித்துளி என்று எழுதினாள். வாசகர்கள் உருகினார்கள்.

எழுதியதை அனுப்புவதுதான் பெரும்பாடு. வீட்டுக்கு இணைய இணைப்பு இல்லை. கைப்பேசிக்கு சிக்னல் கிடைப்பது தோட்டத்தின் பின்மூலையில், வேலியை ஒட்டிய ஒரே ஒரு இடத்தில். காலை ஏழு மணிக்குச் சேற்றுக்கான ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அங்கே போய், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கோப்பு நகரும். பத்து சதவீதம். பதினோரு சதவீதம். அப்படியே நின்றுவிடும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி. தொட்டிக்குப் பின்னால் ஆட்டுக்காரர். எழுபது ஆடு, அறுபத்தைந்து வயது, காதுக்குள் கற்றையாய் முடி. அவளைக் கண்டதும் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, வேலிக்கம்பில் முழங்கையை ஊன்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அரை மணி நேரத்துக்குக் குறைந்து ஒருநாளும் முடித்ததில்லை. அவள் 'ஓ', 'அப்படியா', 'அடடா' என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுவாள். கண் மட்டும் சதவீதத்தை விட்டு நகராது.

ஒரு வாரம் கைவசம் பறவை எதுவும் இல்லை. ஆத்திரமும் கொஞ்சம் இருந்தது. முதல் முறையாக உண்மையை எழுதினாள்: 'தினமும் காலை ஏழு மணிக்கு ஆட்டுக்காரர் வேலியோரம் வந்துவிடுவார். அரை மணி நேரம் நின்று நிதானமாகக் கழுத்தை அறுப்பார். ரத்தம் ஒன்றுதான் வரவில்லை. போகும்போது காதில் பூவும் சுற்றிவிட்டுப் போவார்.'

வாசகர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பொறுப்பாசிரியர் துள்ளிக் குதித்தார். "மேடம், அந்த ஆட்டுக்காரரை மட்டும் விட்டுடாதீங்க!"

அவள் விடவில்லை. நான்கு வாரம் வைத்து அறைந்தாள். அவருடைய காதுமுடியைப் பற்றியே ஒரு முழுப் பக்கம் வந்தது, வேலியின் படத்தோடு. நூறு மைல் சுற்றளவில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் கிடையாது என்ற தைரியம். மனுஷனுக்குத் தெரியாவிட்டாலும் மெஷினுக்குத் தெரியும் என்பதை மறந்தே போனாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய தலையெழுத்து மாறுவதாக இருந்தது. இதழில் அவளை உதவி ஆசிரியராக எடுத்துக்கொள்ள முடிவு செய்திருந்தார்கள். தினமும் வீடியோவில் கூட்டம் நடக்கும், அவள் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். வேலியோரம் நின்று ஆகிற காரியமா அது? ஊருக்குள் கேபிள் இழுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். அவள் வீட்டுக்கான கேபிள் ஆட்டுக்காரரின் வயல் வழியாகத்தான் வர வேண்டும். அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் தாள் வராவிட்டால் ஆட்கள் அடுத்த வட்டாரத்துக்குப் போய்விடுவார்கள். திரும்பி வர இரண்டு வருடம் ஆகுமாம்.

"நாளைக்குப் போடறேன்" என்று ஆட்டுக்காரர் திங்கட்கிழமை சொன்னார். அன்றைக்கு நல்ல முகமாகத்தான் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை தபால்காரி இதழின் பிரதியைக் கொண்டுவந்தாள். உறை ஓரத்தில் கிழிந்திருந்தது. தானாகக் கிழிந்ததா என்பது தபால்காரிக்கே வெளிச்சம். உள்ளே தெரிந்த படத்தில் தனக்குப் பழக்கமான வேலி இருப்பதைப் பார்த்திருக்கிறாள். கைப்பேசியை எழுத்துகளின் மேல் பிடித்திருக்கிறாள். மெஷின் கூச்சமே இல்லாமல் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கொடுத்திருக்கிறது. அதைக் கடையில் வைத்துத் தபால்காரி உரக்கப் படிக்க, கடைக்காரி கேட்க, மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது: ஆட்டுக்காரர் தினமும் காலையில் வேலியோரம் நின்று, ரத்தம் வராதபடி அரை மணி நேரம் கழுத்தறுக்கிறார். பிறகு காதில் பூ வைக்கிறார்.

ஆடுகளை வதைக்கிறார் என்று யாரோ புகார் கொடுக்க, புதன்கிழமை கால்நடை ஆய்வாளர் வந்தார். எழுபது ஆடுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, கழுத்தைத் தடவி, காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஆட்டுக்காரர் ரோமத்துக்காக ஆடு வளர்க்கும் மனிதர். தன் கையால் ஒன்றையும் வெட்டியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. ஊர்க்காரர்கள் வேலிக்கு வெளியே வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அன்று மாலை அவள் வீட்டு வாசலில் யாரோ ஒரு வண்டி எருவைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"கழுத்தறுக்கறார்னா நல்லா பேசுவார்னு அர்த்தம், எங்க ஊர்ல பாராட்டறதே இப்படித்தான்னு சொல்லிடு" என்றான் கணவன், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு. "கையெழுத்தை வாங்கிட்டு வந்து சேரு."

"அதெப்படிங்க கூசாம புளுகறது?"

"வாராவாரம் பனித்துளின்னு எழுதறியே, அப்படித்தான்."

வியாழக்கிழமை காலை தாளை எடுத்துக்கொண்டு ஆட்டுக்காரர் வீட்டுக்குப் போனாள். ஆறு வருடத்தில் அந்த வீட்டு வாசற்படியை மிதிப்பது அதுதான் முதல் தடவை. அவர் கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை. சமையலறை மேசைமேல் ஒரே ஒரு தட்டு இருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது.

"காதுல பூ சுத்தறது நல்லதா, கெட்டதா?" என்றார் எடுத்த எடுப்பில்.

"ஏமாத்தறதுன்னு அர்த்தம்."

"கழுத்தறுக்கறது?"

கணவன் சொல்லிக்கொடுத்த பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பிழைதிருத்துபவளின் புத்தி எங்கே போகும்? மனிதர்களைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அவளுக்குக் கவலையில்லை. ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் தாங்காது.

"கத்தியெல்லாம் கிடையாது. ஒருத்தர் பேச்சு தாங்க முடியாம இருக்கு, தப்பிக்கவும் வழியில்லைன்னு அர்த்தம். அறுவைன்னு சொல்லுவோம்."

அவர் காதைச் சொறிந்துகொண்டார். அந்தக் காதுமுடியைப் பற்றித் தான் எழுதியதையும் மெஷின் சொல்லியிருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலை குனிந்தது.

"அப்போ எதுக்கு தினமும் வந்து நின்னீங்க?"

"சிக்னலுக்கு. அந்த மூலையில மட்டும்தான் கிடைக்கும்."

"சிக்னலுக்கா?" அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? வேத்து நாட்டுப் பொண்ணு, பேச ஒரு நாதியில்லாம காலங்கார்த்தால வந்து வேலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு நினைச்சேன். ஆடுங்களுக்குத் தீனி போடறதை அரை மணி தள்ளி வெச்சுட்டு வந்தேன். எனக்குப் பேச்சே வராதும்மா. ஊர்ல கேட்டுப் பாருங்க. நாளைக்கு என்ன பேசறதுன்னு முந்தின நாளே யோசிச்சு வெச்சுக்குவேன்."

அவள் கையிலிருந்த தாளைச் சுருட்டினாள், மறுபடி பிரித்தாள்.

"கழுத்தறுக்கறதுக்கு வேற அர்த்தம் ஏதாவது உண்டா?"

உண்டு. சொல்லாமல் இருந்திருக்கலாம். "நம்பினவங்களுக்குத் துரோகம் பண்றதையும் அப்படித்தான் சொல்லுவோம்."

"அது என்னைப் பத்தி எழுதினது இல்லையே?"

"இல்ல."

"சரி, அதை நீங்களே வெச்சுக்கங்க."

தாளை அவள் கையிலிருந்து வாங்கி, கதவு நிலையில் வைத்து அழுத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"உங்களுக்காகப் போடல. இனிமே நீங்க அந்த வேலிப் பக்கம் வரக்கூடாது, அதுக்காகப் போட்டேன்."

கதவு சாத்தப்பட்டது.

அடுத்த வாரமே கேபிள் வந்தது. ஆட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை வயலின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். காலை ஏழு மணிக்கு அவள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால், தூரத்தில் அவர் நேரத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருப்பது தெரியும்.

முதல் கூட்டத்தில் பொறுப்பாசிரியரின் முகம் திரையில் பளிச்சென்று தெரிந்தது.

"வேலியோரம் நின்ன காலம் முடிஞ்சுது, வாழ்த்துகள் மேடம். ஆனா ஆட்டுக்காரர் எங்கே? வாசகர்கள் கேட்டுக் கேட்டுத் துளைக்கிறாங்க. அவர் அப்படி என்னதான் பேசுவார்? இந்த வாரம் அதை மட்டும் எழுதுங்க. அவர் பேச்சை அப்படியே போடுங்க, போதும்."

"சரி" என்றாள்.

கூட்டம் முடிந்ததும் புதிய கோப்பைத் திறந்து 'ஆட்டுக்காரர் சொன்னார்' என்று தட்டினாள். ஏதோ ஒரு மைத்துனரைப் பற்றி அடிக்கடி சொல்வார். மைத்துனர் செத்துப்போனாரா, சண்டை போட்டுக்கொண்டு போனாரா? ஒரு ஆட்டுக்குப் பெயர் வைத்திருந்தார். என்ன பெயர்? மனைவியைப் பற்றி ஒருநாள் நெடுநேரம் பேசினார். அன்றைக்குக் கோப்பு எண்பத்து மூன்று சதவீதத்தில் நின்றுபோனது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.