தாழ்ப்பாள் சின்னம்

போன வெள்ளிக்கிழமை ஒரு தேர்தலை நடத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். கிரிக்கெட் மட்டைக்கும் தாழ்ப்பாளுக்கும் நேரடிப் போட்டி.

பயப்படாதீர்கள். நாட்டை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. காட்டூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு வரைதான். அங்கே மாணவர் தலைவர் தேர்தல். வாக்காளர்களில் பாதிப் பேர் என் இடுப்பு உயரம். பள்ளியின் பெயர் மட்டும் வேண்டாம் – தலைமை ஆசிரியை வளர்மதி டீச்சரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவர் முதலில் போன் செய்தபோது என்ன நடந்தது தெரியுமா? "ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் பேசறேங்க" என்று குரல் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டிக்கு வேலைக்குப் போனவன் நான். அது நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. என் முழங்காலுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

"யாருங்க போன்ல? எதுக்கு எந்திரிச்சு நிக்கிறீங்க?" என்றாள் கோமதி. என் மனைவி.

"ஹெட்மிஸ்ட்ரஸ்" என்று கிசுகிசுத்தேன்.

"இந்த வயசுல உங்கள யாரு பெஞ்சு மேல ஏத்தப் போறா? உக்காந்து பேசுங்க."

நின்றபடியேதான் பேசினேன்.

"இந்த வருஷம் நிஜத் தேர்தல் மாதிரியே நடத்தறோங்க சார். வெளியாள் ஒருத்தர் தேர்தல் அதிகாரியா வந்தா பிள்ளைங்க சீரியஸா எடுத்துக்கும். உங்க பத்தியைப் படிக்கிறவங்க எங்க டீச்சருங்கள்ல ரெண்டு மூணு பேர் இருக்காங்க. போட்டி ரெண்டே பேருக்குள்ளதான். எட்டாவது ஹரீஷ் – மட்டை சின்னம். ஏழாவது சபீனா… அவ தாழ்ப்பாள் சின்னம் வேணும்னு நிக்கிறா."

"தாழ்ப்பாளா?"

"கேர்ள்ஸ் டாய்லெட் கதவுல தாழ்ப்பாள் உடைஞ்சு போச்சுங்க சார். எழுதிப் போட்டிருக்கோம்… வரும்" என்று இழுத்தார்.

அந்த 'வரும்' எப்படிப்பட்ட 'வரும்' என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஓட்டு சமமாக வந்தால் என்ன செய்வது? நாணயம் சுண்ட வேண்டுமா? சுண்டிய நாணயம் சாக்கடையில் விழுந்துவிட்டால்? ஒரே பிள்ளை இரண்டு முறை ஓட்டுப் போட்டுவிட்டால்? எல்லாவற்றுக்கும் மேலாக – "நீங்க என்ன படிச்சிருக்கீங்க சார்?" என்று எவனாவது கேட்டுவிட்டால்?

வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துவாக்குடி பஸ் மாறி, பள்ளிக்கூட கேட்டைத் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். வாட்ச்மேன் என்னைப் பிள்ளை பிடிக்க வந்தவன் மாதிரி பார்த்தார். நியாயம்தான்.

பிரேயர் முடிந்து என்னை அறிமுகப்படுத்தினார்கள். "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று டீச்சர் கேட்டதுதான் தாமதம், முன் வரிசையில் ஒரு பொடியன் எழுந்தான்.

"சார், நீங்க எது வரைக்கும் படிச்சீங்க?"

வந்துவிட்டது. "எட்டாவது" என்றேன்.

"பாஸா?"

"பாஸ்."

அவன் பக்கத்தில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "அப்ப சார் நம்ம ஸ்கூல் ஃபுல்லா முடிச்சிட்டார்டா."

நம்புங்கள், கைதட்டினார்கள். இத்தனை வருடம் நான் மறைத்து வைத்திருந்த படிப்புக்கு அந்த வாசலில் கிடைத்தது பட்டமளிப்பு விழா மரியாதை. எனக்குக் கண் கலங்கியது. வெயில் என்று சமாளித்தேன்.

அப்போது மணி அடித்தது. அந்தப் பள்ளியில் அதற்கு வாட்டர் பெல் என்று பெயர். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறார்கள் என்று, ஞாபகப்படுத்த ஒரு மணி. மணி அடித்ததும் எல்லோரும் பாட்டிலைத் தூக்கிக் குடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. டீச்சர் பெருமையோடு என்னைப் பார்த்தார்.

நான் கவலைப்படுகிற ஆள். கவலைப்படுகிறவனுக்கு ஒரே ஒரு லாபம் உண்டு – மற்றவர்கள் பார்க்காததெல்லாம் அவன் கண்ணில் படும். பையன்கள் மடக் மடக்கென்று குடித்தார்கள், சட்டையெல்லாம் நனைந்தது. பெண் பிள்ளைகளும் பாட்டிலைத் தூக்கினார்கள். உதட்டில் வைத்தார்கள். ஆனால் ஒருத்தியின் தொண்டையும் அசையவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டு மூடியைத் திருகிவிட்டார்கள்.

தண்ணீரில் ஏதாவது கோளாறா? எனக்கு வைத்திருந்த டம்ளரை மெதுவாகத் தள்ளி வைத்தேன். ஓரமாகப் போய் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"கோமதி, இங்க பொம்பளப் பிள்ளைங்க தண்ணி குடிக்கிற மாதிரி நடிக்குதுங்க. தண்ணி சரியில்ல போல."

"பாத்ரூம் எப்படி இருக்குங்க?"

"கதவுல தாழ்ப்பாள் இல்லியாம். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அப்புறம் எப்படிங்க குடிக்கும்?" என்றாள். "போன மாசம் துறையூர் கல்யாணத்துக்குப் போனோமே… காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நான் ஒரு வாய் தண்ணி குடிச்சேனா? பாயசம்கூட வேணாம்னேன். சர்க்கரைக்குப் பயப்படறான்னு ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

இத்தனை வருடம் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிறோம். எரிமலை வெடிக்குமா, வங்கி திவாலாகுமா என்றெல்லாம் கவலைப்பட்டவன் நான். இதைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

பாருங்கள்… குடிக்க மணி வைத்தார்கள். போக இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் பல நல்ல திட்டங்கள் இப்படித்தான். மேலே உட்கார்ந்து யோசிக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் வீட்டுக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறது, அவ்வளவுதான்.

பிரசாரம் தொடங்கியது. ஹரீஷ் உயரமான பையன், சிரித்த முகம். "பி.டி. பீரியட்ல கணக்கு டீச்சர் வரக் கூடாது. வெள்ளிக்கிழமை தோறும் மேட்ச்" என்றான். கூரை அதிர்ந்தது. முதல் நாளே எல்லா வகுப்புக்கும் ஆரஞ்சு மிட்டாய் போய்ச் சேர்ந்துவிட்டதாக எனக்கு ரகசியத் தகவல். டீச்சரிடம் விசாரித்தேன். "ஆதாரத்தையெல்லாம் சப்பி முடிச்சிட்டாங்க சார்" என்றார்.

அடுத்து சபீனா. ஒல்லியான பெண், கையில் அட்டை. அதில் அவள் வரைந்திருந்த தாழ்ப்பாள் பார்ப்பதற்குப் பென்சில் மாதிரி இருந்தது.

"எனக்கு ஒரே வாக்குறுதிதான். பொண்ணுங்க பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள். இப்ப ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்கணும். என் ஃப்ரெண்டு லீவு போட்டா எனக்கும் பாத்ரூமுக்கு லீவு."

பையன்கள் பக்கம் சிரிப்பு வந்தது. அவள் அட்டையை இறக்கிவிட்டு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"சிரிக்காதீங்கடா. உங்களுக்குச் செவுரு போதும்."

இப்போது டீச்சர்களே சிரித்துவிட்டார்கள்.

ஓட்டுப்பதிவு. மேசை மேல் பெட்டி. சீட்டில் இரண்டு படம் – பிடித்ததற்கு டிக் போட்டுப் பெட்டியில் போட வேண்டும். விரலில் வைக்க மைக்குப் பதில் சொட்டு நீலம். துணிக்குப் போடுகிற நீலம்தானே, குழாயடியில் கழுவிவிட்டுத் திரும்ப வந்தால்? கள்ள ஓட்டு விழுந்தால் அதிகாரி நானல்லவா? மேசையை விட்டு ஓர் அடி நகரவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் டிக் போடுகிறவரை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தியாவிலேயே நேர்மையான தேர்தல் என்று மனதுக்குள் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

எண்ணினோம். மட்டை ஜெயித்தது. கொஞ்சநஞ்ச வித்தியாசம் இல்லை, நல்ல வித்தியாசம். பெண் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குக்கூடத் தாழ்ப்பாளுக்கு ஓட்டு விழவில்லை.

ஹரீஷைத் தோளில் தூக்கினார்கள். சபீனா நேராக என் மேசைக்கு வந்தாள். அழவில்லை.

"மறுபடி நடத்துங்க சார்."

"ஏம்மா?"

"முன்னாடி நீங்க உக்காந்து உத்துப் பாத்துட்டே இருந்தீங்க. பின்னாடி பசங்க க்யூ. ஜன்னல்ல வேற எட்டிப் பாத்தானுங்க. பாத்ரூமுக்கு டிக் போட எல்லாருக்கும் வெக்கம் சார். பாதிப் பேர் மட்டைக்குப் போட்டுட்டு வந்து என்கிட்ட சாரி சொல்லுறாளுங்க."

உட்கார்ந்திருந்த நாற்காலி கீழே இறங்குவது மாதிரி இருந்தது. அவள் சொன்னது புரிந்தது. கதவைச் சாத்த முடியாத இடத்தில் அவர்களால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. கதவைச் சாத்த முடியாத இடத்தில் ஓட்டும் போட முடியவில்லை. காலையில்தான் கோமதி பாடம் நடத்தினாள். மதியத்துக்குள் நானே தாழ்ப்பாள் இல்லாத கதவாகிவிட்டேன்.

ஆனால் ஜெயித்தவன் ஒருவன் இருக்கிறானே? ஹரீஷைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். தோளிலிருந்து இறங்கி வந்தவன் யோசித்தான்.

"திரும்ப வெச்சா நான் தோத்துருவேனா சார்?"

"தெரியலப்பா. தோத்தாலும் தோக்கலாம்."

"டேய், ஒத்துக்காதடா" என்று பின்னாலிருந்து அவன் கட்சிக்காரர்கள் கத்தினார்கள். அவன் காலால் தரையைத் தேய்த்தான். சபீனாவைப் பார்த்தான்.

"சரி, வைங்க சார்" என்றான்.

ஜெயித்த பிறகு இப்படிச் சொன்ன ஒருவரை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பேப்பர் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து பார்த்ததில்லை.

இந்த முறை நகர்த்துகிற கரும்பலகையைத் திருப்பி வைத்து, அதற்குப் பின்னால் மேசையைப் போட்டோம். ஒருத்தர் வெளியே வந்த பிறகுதான் அடுத்தவர் உள்ளே. ஜன்னலைச் சாத்தினோம். நான் வராண்டாவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கள்ள ஓட்டு விழுந்தால் விழட்டும் என்று ஒரு வைராக்கியம். என் வாழ்க்கையில் கவலைப்படாமல் கழித்த சொற்ப நேரங்களில் அதுவும் ஒன்று. கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது.

தாழ்ப்பாள் ஜெயித்தது.

பெண் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் சத்துணவுக்கூட அக்கா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். ஆனால் எண்ணிக்கையில் ஒன்று இடித்தது. தாழ்ப்பாளுக்கு விழுந்த ஓட்டு, இருக்கிற பெண் பிள்ளைகளைவிட அதிகம். பையன்களும் போட்டிருக்கிறார்கள்.

ஹரீஷ் என் பக்கத்தில் வந்து நின்றான். சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு முந்திக்கொண்டான்.

"நானும் அதுக்குத்தான் சார் போட்டேன். என் தங்கச்சி இங்க நாலாவது படிக்குது. முதல்ல நீங்க பாத்துட்டே இருந்தீங்க… எனக்கு நானே போடலன்னா அசிங்கமா இருக்கும்ல."

ரகசிய வாக்கெடுப்பு எதற்கு என்று பெரிய பெரிய புத்தகங்கள் இருக்குமாம். நான் படித்ததில்லை. இனிமேல் படிக்கவும் தேவையில்லை. மனிதன் தன்னைவிடக் கொஞ்சம் நல்லவனாக இருப்பதற்கு அவனுக்கு ஒரு மறைவு வேண்டியிருக்கிறது.

உற்சாகத்தில் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். "டீச்சர், தாழ்ப்பாளை நான் வாங்கித் தந்துடறேன்."

வளர்மதி டீச்சரின் முகம் சிவந்திருந்தது. "வேணாங்க சார். நீங்க வாங்கித் தந்தா பிள்ளைங்க உங்களுக்கு நன்றி சொல்லும். இதுக்கெல்லாம் அதுங்க யாருக்கும் நன்றி சொல்லக் கூடாது. இத்தனை நாள் எழுதிப் போட்டுட்டுக் காத்துக்கிட்டு இருந்தது என் தப்பு." அப்போதே பி.டி. சாரை ஹார்டுவேர் கடைக்கு அனுப்பினார். நான் பஸ் ஏறும்போது உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது.

உரிமை என்றால் நீதிமன்றம், சட்டம், ஊர்வலம் என்று பெரிதாக நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அதில் ஒரு பகுதி ஒரு சாண் இரும்பு, நாலு ஸ்க்ரூ.

நேற்று டீச்சர் மறுபடி போன் செய்தார். குரலில் சலிப்பு. ஆனால் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"புதுத் தலைவி வந்ததிலேருந்து ஒரே தலைவலி சார். தண்ணி டிரம் மத்தியானத்துக்குள்ள காலியாயிடுது. இன்னொரு டிரம் வேணும்னு வாசல்ல வந்து நிக்கிறா."

இவ்வளவு இனிமையான புகாரை நான் கேட்டதேயில்லை. போனை வைத்த பிறகுதான் கவனித்தேன் – இந்த முறை உட்கார்ந்தபடியே பேசியிருக்கிறேன்.

கோமதி கவனித்துவிட்டாள். வர்ற ஞாயிற்றுக்கிழமை மணப்பாறையில் ஒரு கல்யாணம். "நீங்க முன்னாடியே போய் மண்டபத்துல கதவு, தாழ்ப்பாள், தண்ணி எல்லாம் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க. அப்புறம் வரேன்" என்று உத்தரவு.

என் கவலைக்கு முதல்முறையாக ஒரு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. கோமதி பாயசம் குடிக்கப் போகிறாள்.